கணையத்துக்கு இரண்டு வாசல்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்குக் கை வேகம் அதிகம். செதிளைச் சீவி, செவுளைப் பிய்த்து, வாலை நறுக்கி, ஊர்க்கதையையும் விடாமல் ஒரு பாறை மீனை முடித்துவிடுவார். வயிற்றைக் கீறியதும் மட்டும் பேச்சு நின்றுபோகும். ஈரலோடு ஒட்டிக் கிடக்கும் கரும்பச்சைப் பையை இரண்டு விரலால் பதமாகப் பிடித்து, அதன் அடியில் நூல் மாதிரி ஓடும் குழாயோடு சேர்த்துப் பைய இழுத்தெடுப்பார். "இது பொட்டிச்சுன்னா கறி பூரா கைப்பாயிரும் மக்கா." புத்தகத்தில் பித்தப்பை என்று படித்ததை நான் முதலில் கண்ணால் பார்த்தது அந்த மீன் பலகையில்தான்.

சுரப்பி என்றால் என்ன, அதில் எதற்கு இரண்டு வகை என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் அந்த நூல் மாதிரிக் குழாயிலிருந்துதான் தொடங்குவேன். ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது, பை சேர்த்து வைக்கிறது, நூல் போன்ற குழாய் அதைக் குடலில் கொண்டுபோய் விடுகிறது. சுரப்பது ஓரிடம், வேலை நடப்பது வேறிடம், நடுவில் ஒரு குழாய். இப்படிக் குழாய் இருப்பவை நாளமுள்ள சுரப்பிகள். குழாயே இல்லாமல் சுரப்பதை ரத்தத்தில் கலந்துவிடுபவை நாளமில்லாச் சுரப்பிகள். பள்ளிப் புத்தகம் இதை ஒரு அட்டவணையாகப் போட்டு முடித்துவிடும். அட்டவணையில் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, தாத்தா ஏன் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், செரிமானத்துக்கு மட்டும் ஏன் மாத்திரை விழுங்குகிறார் என்று சொல்லத் தெரியாது.

முதலில் குழாய் உள்ளவற்றைப் பார்த்துவிடலாம். இவை கண்ணுக்குத் தெரிகிறவை, அல்லது நாக்குக்குத் தெரிகிறவை. புளிமுளம் மீன்கறி கொதிக்கும் வாசனை அடுக்களையிலிருந்து வந்ததும் வாயில் ஊறுகிறதே, அது மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வேலை. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் வருகிறது. ஈரலிலிருந்து வரும் பித்தநீர் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். கணைய நீர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். வியர்வை, கண்ணீர், தோலின் எண்ணெய்ப்பசை, தாய்ப்பால் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஓர் ஆளின் தோலில் 20 முதல் 40 லட்சம் இருக்கும்.

நாளம் என்ற சொல் புரியாதவர்கள் சானலை நினைத்துக்கொள்ளலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கால்வாயை யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை, சானல்தான். 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் அனந்தனார் சானலில் விட்டால் அந்தச் சானலின் வயல்களுக்குத்தான் போகும். அதில் இல்லாத வயல் பக்கத்திலேயே இருந்தாலும் காய்ந்து கிடக்கும். நாளமுள்ள சுரப்பியும் அப்படித்தான். குழாய் எங்கே திறக்கிறதோ அங்கே மட்டும் வேலை, அளவோ லிட்டர் கணக்கு.

இந்த வகைச் சுரப்பிகளை 'உடம்புக்கு வெளியே' சுரப்பவை என்று மருத்துவத்தில் சொல்வார்கள். வியர்வையும் கண்ணீரும் சரி, குடல் எப்படி வெளியாகும்? உளுந்தவடையின் ஓட்டை வடைக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் நம் உணவுப்பாதை அந்த ஓட்டைதான். என்ன, கொஞ்சம் நீளம், வளைவும் அதிகம். தின்ற சோறு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும்வரை அது இன்னும் வெளியில்தான் இருக்கிறது. இந்த வடைக் கணக்கு மனதில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

இனி குழாய் இல்லாதவை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நாலு பாராதைராய்டு, சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி அட்ரினல். இவை சுரப்பது ஹார்மோன். அது நேராக ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தம் ஒரு சுற்று வர ஒரு நிமிடம் போதும். அப்படியானால் எல்லா உறுப்புக்கும் போய்ச் சேரும் ஹார்மோன் எல்லா உறுப்பையும் ஆட்டி வைக்காதா?

வைக்காது. ஊர்த் திருவிழாவில் மைக் செட்டில் அறிவிப்பு வரும் பாருங்கள், "டி.என். 74 சிவப்பு ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியவர் உடனே வந்து எடுக்கவும்" என்று. ஆயிரம் பேர் காதிலும் விழுகிறது. எழுந்து ஓடுகிறவர் ஒருவர்தான், வண்டி அவருடையது. ஹார்மோனுக்கும் அப்படி ஒரு வண்டி நம்பர் உண்டு. அதை ஏற்கும் அமைப்புக்கு ஏற்பி என்று பெயர். எந்தச் செல்லில் அந்த ஏற்பி இருக்கிறதோ அது மட்டும் எழும்பும், மற்றவை கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் ஹார்மோன் லிட்டர் கணக்கில் தேவையில்லை. ரத்தத்தில் அதன் அளவைச் சொல்லக் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று போக வேண்டியிருக்கும். எல்லா அறிவிப்பும் ஒரே நேரம் நீடிப்பதும் இல்லை. ரத்தத்தில் இன்சுலின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். தைராய்டு சுரக்கும் தைராக்சின் பாதியாக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும்.

தைராய்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் எந்த லேபில் காலையில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் யாராவது "எனக்கு தைராய்டு உண்டும்" என்பார்கள். எல்லோருக்கும் உண்டு! இல்லாவிட்டால்தான் கஷ்டம். சுரப்பு குறைவா கூடுதலா என்பதுதான் நோய், உறுப்பின் பேரே நோயின் பேராகிவிட்டது. யாரும் "எனக்கு கல்லீரல் உண்டும்" என்று கவலைப்படுவதில்லை. இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். குழாய் உள்ள சுரப்பி கெட்டால் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது நின்றுபோகும் அல்லது அடைத்துக்கொள்ளும். பித்தக்குழாய் அடைத்தால் கண் மஞ்சளாகும், உமிழ்நீர்க் குழாயில் கல் இருந்தால் சாப்பிட உட்காரும்போது தாடை வீங்கும். குழாய் இல்லாதது கெட்டால் இங்கே என்று கை வைத்துக் காட்ட முடியாது. அசதி, எடை, முடி உதிர்வு, மாதவிடாய்க் குழப்பம் என்று உடம்பு முழுக்கச் சிதறித் தெரியும். லேப் சீட்டு வந்த பிறகுதான் அதற்கு ஒரு பேர் கிடைக்கிறது.

மருத்துவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. 1656ல் இங்கிலாந்தின் தாமஸ் வார்ட்டன் சுரப்பிகளைப் பற்றி எழுதினார். தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயை விவரித்தவர் அவர், இன்றும் அந்தக் குழாய்க்கு அவர் பேர்தான். குழாயைப் பார்த்தார், பாதை தெரிந்தது, வேலை புரிந்தது. தைராய்டுக்குப் பேர் வைத்தவரும் அவரே. அதில் குழாயைத் தேடினார், இல்லை. சரி, இது எதற்கு? கழுத்துக்கு, முக்கியமாகப் பெண்களின் கழுத்துக்கு, உருண்டையான அழகு தருவதற்கு என்றும் ஒரு காரணம் எழுதி வைத்தார். ஒரே ஆள், ஒரே கத்தி. குழாய் இருந்த இடத்தில் அறிவியலும் இல்லாத இடத்தில் கழுத்தழகும் கிடைத்தன.

நம் பக்கத்தில் தைராய்டோடு சேர்த்துப் பேச வேண்டியது உப்பு. தைராய்டுக்கு அயோடின் வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறவர்கள் "கடல் உப்புதானே, அயோடின் இல்லாமலா?" என்று கேட்பார்கள். கடல் நீரில் அயோடின் இருப்பதே கொஞ்சம், பாத்தியில் விளைந்த உப்பில் நிற்பது அதிலும் கொஞ்சம். தைராய்டுக்கு அது காணாது. அதனால்தான் அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்று 2006ல் மறுபடியும் தடை வந்தது. சாளையும் நெத்திலியும் அயோடின் தரும். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, எதிர்ப்பக்கம் இழுக்கும். அதிலுள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குள் அயோடின் போகும் வழியில் போட்டிக்கு நிற்கும். அயோடின் பற்றாக்குறையும் மரச்சீனியும் சேர்ந்து கழுத்துக் கழலையைக் கூட்டியதை ஆப்பிரிக்காவின் காங்கோவில் பார்த்திருக்கிறார்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீன் கறியோடு மரச்சீனி தின்னும் நம் வழக்கம் இந்த வகையில் தேவலை. யாரும் வேதியியல் படித்துவிட்டு அப்படிச் செய்யவில்லை, ருசிக்குச் செய்ததுதான்.

இதுவரை இது வேறு, அது வேறு என்று பிரித்துப் பேசியாயிற்று. இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே உறுப்பில் இருந்தால்? ஆணின் விந்தகத்தில் அப்படி உண்டு, விந்தணு குழாய் வழியாகவும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்திலும் போகும். ஆனால் முழுக்கதையும் கிடப்பது கணையத்தில்தான்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் படுத்திருக்கும் உறுப்பு. எடை 80, 100 கிராம். அதில் பெரும்பகுதி நாளமுள்ள சுரப்பி. மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சின் என்று நொதிகளைத் தயாரித்துக் குழாய் வழியாக முன்சிறுகுடலில் விடுகிறது. அந்தத் திசுவின் நடுவே, கஞ்சியில் பயறு கிடப்பது போல, குழாயோடு சம்பந்தமே இல்லாத சிறு சிறு செல்கூட்டங்கள். 1869ல் பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்து எழுதி வைத்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. எண்ணிக்கை பத்து லட்சம் அளவில் இருந்தாலும் மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். இன்சுலின் சுரப்பது இந்தத் திட்டுகள். குழாய்க்காரர் 98 பங்கு, குழாய் இல்லாதவர் 2 பங்கு, இருவருக்கும் ஒரே வீடு, வாசல் மட்டும் வேறு.

1889ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுக்க எடுத்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. குழாயை மட்டும் கட்டிவிட்டால் வரவில்லை. கணையத்தின் ஒரு துண்டைத் தோலுக்கு அடியில் ஒட்டி வைத்தாலும் நோய் தடைபட்டது. துண்டிலிருந்து குடலுக்குக் குழாய் ஏது? அப்படியானால் கணையம் வேறு எதையோ வேறு வழியில் அனுப்புகிறது, அந்த வழி ரத்தம்.

ஹார்மோன் என்ற சொல் வந்த கதையிலும் கணையம்தான் நடுவில். 1902ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் குடல் துண்டுக்கு வரும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அந்தத் துண்டில் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையக் குழாயில் நீர் வடிந்தது. குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து வடித்து ரத்தத்தில் ஏற்றினார்கள், மறுபடியும் வடிந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரட்டின் என்று பெயர். இந்த மாதிரிப் பொருள்களுக்குப் பொதுப்பேராக ஹார்மோன் என்று 1905ல் ஸ்டார்லிங் சொன்னார், கிரேக்க மொழியில் தூண்டுவது என்ற பொருள்படும் சொல்லிலிருந்து. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செக்ரட்டின் குடலிலிருந்து ரத்தத்தில் போய், கணையத்தின் சானலைத் திறக்கச் சொல்கிறது. ஹார்மோன் என்ற பேரைக் கொண்டுவந்த பொருளே குழாய்ச் சுரப்பிக்குப் போன மைக் அறிவிப்புதான். அட்டவணையில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டையும் பிரித்தவர்கள் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

அடுத்து, ஒரு கல். 1920 அக்டோபர் கடைசியில் கனடாவில் ஃபிரடெரிக் பேன்டிங் வகுப்பெடுக்க ஆயத்தம் செய்யும்போது மோசஸ் பாரன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தார். ஒரு நோயாளியின் கணையக் குழாயைக் கல் அடைத்திருக்கிறது. நொதி சுரக்கும் திசு சுருங்கிப் போயிருக்கிறது, திட்டுகள் மட்டும் தப்பியிருக்கின்றன. பேன்டிங்குக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கணையத்தை அரைத்து இன்சுலின் எடுக்கப் பார்த்த பலர் தோற்றதற்கு, அந்த நொதிகளே இன்சுலினைத் தின்றுவிடுவதுதான் காரணம் என்று நினைத்தார். நாயின் குழாயைக் கட்டிவிட்டு, நொதித் திசு அழிந்த பிறகு திட்டுகளிலிருந்து எடுத்தால்? 1921 கோடையில் டொரோண்டோவில் சார்லஸ் பெஸ்ட்டோடு அதைத்தான் செய்தார். கடைசியில் கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, குளிரவைத்து ஆல்கஹாலில் பிரித்தால் முழுக் கணையத்திலிருந்தே கிடைத்தது, அது வேறு கதை. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த ஊசி போனது.

அதே கல் நம் பக்கத்தில் வேறு விதமாக வேலை செய்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். அங்கே மரச்சீனியைப் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் போகும். பஞ்ச காலத்தில் ஏழைக்கு அரிசி இல்லாதபோது வயிறு நிறைத்தது அந்தக் கிழங்கு. இதே மலையாளக் கரையில், சிறு வயதில் வயிற்றுவலி, இளவயதில் சர்க்கரை, ஒட்டி உலர்ந்த உடம்பு, எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் என்று ஒரு நோய் அதிகம் தெரிந்தது. 1959ல் இந்தோனேசியாவில் ஸுய்டெமா இதை விவரித்தார். 1960களில் கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பெருமளவில் பார்த்துப் பதிந்தார். குடிப்பழக்கம் இல்லாதவர்கள், ஏழைகள், மரச்சீனி தின்பவர்கள். பழி கிழங்கின் மேல் விழுந்தது.

பழி முழுக்க நிற்கவில்லை. மரச்சீனி தின்னாத இடங்களிலும் இந்த நோய் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தின்ற லட்சக்கணக்கானோருக்கு வரவில்லை. பின்னால், கணையத்துக்குள்ளேயே நொதி வெடித்துக் கிளம்பாமல் தடுக்கும் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் கோளாறு இருப்பவர்கள் இந்த நோயாளிகளில் கணிசமானோர் என்று தெரிந்தது. எனக்குத் தோன்றுவது, சாப்பாட்டில் குறை தேடுவது நமக்குச் சுலபம், அதுவும் ஏழை சாப்பிடும் சாப்பாடு என்றால் இன்னும் சுலபம்.

நோய் நடக்கும் விதம் மட்டும் குழாய்க் கதையேதான். சானலில் கல் விழுந்தால் மேல்பக்கம் தேங்கும். கணையத்தில் அழற்சி திரும்பத் திரும்ப வந்து, திசு வடுவாக இறுகும். முதலில் போவது 98 பங்கு, நொதி குறைகிறது, கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய் மினுக்கத்தோடு மிதக்கிறது. பாரனின் நோயாளியில் தப்பிய திட்டுகள் இங்கே வருஷக்கணக்கில் வடுவுக்குள் நெரிபட்டு அவையும் போகின்றன. சர்க்கரை வருகிறது. சாதாரண சர்க்கரை நோயில் இன்சுலின் மட்டும்தான் பிரச்சினை, நொதிப் பக்கம் பெரும்பாலும் பழுதில்லை, தின்றது செரிக்கும். இதில் இரண்டு வாசலும் அடைத்துவிடும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் சுரக்கும் செல்களும் அந்தத் திட்டுகளில்தான் இருக்கின்றன, அவையும் குறைவதால் ஊசி கொஞ்சம் கூடினாலே சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

எங்கள் சொந்தத்தில் ஓர் அண்ணனுக்கு இந்த நோய். விளவங்கோடு பக்கம், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் சாப்பிட உட்காரும் முறை ஒரு பாடம். அரை மணி நேரம் முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி. இலையில் சோறு விழுந்ததும் முதல் உருண்டையோடு ஒரு கேப்சூல். கேப்சூலில் இருப்பது கணைய நொதி. வடைக் கணக்கை இங்கே எடுங்கள். நொதிக்கு வேலை ஓட்டைக்குள், அதனால் சோற்றோடு சேர்ந்து ஓட்டை வழியாகவே போகிறது. இன்சுலினுக்கு வேலை வடைக்குள், ரத்தத்தில். அதை விழுங்கினால், இன்சுலின் ஒரு புரதம், இரைப்பையும் குடலும் அதை ஒரு துண்டு மீனைப் போலச் செரித்துவிடும். கேப்சூலை மூன்று மணி நேரம் முன்னால் போட்டாலும் பயனில்லை, சோறு வரும்போது அங்கே அது இருக்காது.

போன மாசம் தக்கலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்கு வந்ததும் ஓரமாகப் போய் ஊசி போட்டுவிட்டார். இலை போட்ட பிறகு சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார். கேப்சூல் வீட்டில். ஊசி போட்டாயிற்று, சாப்பிடாமல் எழுந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சாப்பிட்டால் நெய்யும் தேங்காயும் செரிக்காது, ராத்திரி முழுக்க வயிறு. பருப்புக்கு நெய் ஊற்ற வந்தவரைக் கையால் மறித்தார். அவியலை இலை ஓரத்துக்குத் தள்ளினார். எரிசேரியையும் அதன் பின்னாலேயே தள்ளினார். "சோறு போடும் தம்பி, நிறையப் போடும்" என்றார், "அப்புறம் ரசம்."